பேரிக்காய் திருடிய புனிதர்

சோதனை என்றதும் பாலைவனமும் சாத்தானும் நம் நினைவுக்கு வருகின்றன. நமக்கு வரும் சோதனைகளோ மிகச் சிறியவை. அடுத்தவள் தாளில் தெரியும் ஒரு விடை. மதிப்பெண் அட்டையில் நாமே போட்டுவிடும் அப்பாவின் கையெழுத்து. "இதெல்லாம் ஒரு பாவமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

புனித அகுஸ்தினார் அப்படி நகர்ந்துவிடவில்லை. கி.பி. 354-இல், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர் அவர். 16-ஆம் வயதில், மேற்படிப்புக்குத் தந்தையிடம் பணம் போதாமல், சில காலம் வீட்டில் சும்மா இருந்தார். (சும்மா இருப்பதன் ஆபத்தை நம் கோடை விடுமுறையே சொல்லும்!) ஒருநாள் இரவு நண்பர்களோடு சென்று, அயலாரின் மரத்தை உலுக்கிப் பேரிக்காய்களை அள்ளி வந்தார். பசியும் இல்லை, அவரிடமே அவற்றைவிட நல்ல காய்கள் இருந்தன. சிலவற்றைத் தின்றுவிட்டு மீதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள்.

பின்னாளில் ஆயரானபின், தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலில், இந்தச் சிறு திருட்டுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். ஏன் செய்தேன் என்று துருவித் துருவிக் கேட்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்கிறார். "வாருங்கள், செய்வோம்" என்று யாரோ சொன்னதும், பின்வாங்க வெட்கமாகிவிடுகிறதாம்! தோழியரே, இது நம் வகுப்பறை அல்லவா?

இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்தபின், முதலில் வந்த சோதனை அப்பத்தைப் பற்றியது. அப்பம் உண்பது பாவமா? சோதனை பெரும்பாலும் இப்படி நியாயமான முகத்தோடுதான் வருகிறது. மூன்று முறையும் அவர் மறைநூல் வாக்கைக் கொண்டே பதில் சொன்னார். பசித்த வேளையில் அவர் ஏட்டைப் புரட்டவில்லை. அது முன்பே நெஞ்சில் இருந்தது.

சென்ற பருவத்தில் ஒரு வாரத் தேர்வின்போது ஆசிரியை வெளியே சென்றார். நாங்கள் ஏறக்குறைய எல்லோருமே பார்த்து எழுதினோம். ஒருத்தி மட்டும் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அமர்ந்திருந்தாள். "பெரிய புனிதை!" என்று கேலி செய்தோம். தாள்கள் திரும்பி வந்தன. அவளுக்கு 31, எங்களுக்கு 40-க்கு மேல். அன்று யாரும் மதிப்பெண்ணை உரக்கச் சொல்லவில்லை. மாலை மணி அடித்தபின் எங்களில் நால்வர் தாள்களை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் அறைக்குப் போனோம். கதவைத் தட்டத்தான் வெகுநேரம் ஆயிற்று.