கடல்நீர்த் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

கோல்டுஃபிஷ், மோலி என்று நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை கடல்நீர்த் தொட்டி. ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஆசை இன்னும் சீக்கிரம் வரும். அதில் மீன்கள் சாவது தண்ணீரால் மட்டுமல்ல, சேரக்கூடாத மீன்களைச் சேர்ப்பதாலும்தான். தொட்டி வாங்கும் முன்பே இந்தக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள்.

1. எதிரே இருக்கும் கடல் நமக்குக் கடை அல்ல. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் உள்ள அப்பா தீவு, வாலிமுனை, ஆனைப்பார் எல்லாம் அதில் அடக்கம். பாறை உருவாக்கும் பவளங்கள், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளத் துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைத்தாலும் குற்றம்தான். சிறைவரை போகும்.

2. அப்படியானால் பாறைக்கு என்ன செய்வது? சிமென்ட்டிலோ சுட்ட மண்ணிலோ செய்த செயற்கைப் பாறை போதும். மீனுக்கு வேண்டியது ஒளிய ஒரு பொந்து. நுண்ணுயிருக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள சொரசொரப்பான பரப்பு. இரண்டையும் இது தரும். சிமென்ட் பாறையை மட்டும் சில வாரங்கள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, காரம் முழுக்க இறங்கிய பிறகே தொட்டியில் வையுங்கள். பொந்துகளை மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக அமையுங்கள். சண்டையில் பாதி, இடம் போதாததால் வருவது.

3. முதல் தொட்டி 3 அடிக்குக் குறையவேண்டாம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 190 லிட்டர். பாறையும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதில் சிறிய மீன்கள் ஐந்து அல்லது ஆறு. பார்ப்பதற்குத் தொட்டி காலியாகத்தான் தெரியும். அதுதான் சரியான அளவு. சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்தாலே மொத்தத் தண்ணீரும் கெடும்.

4. தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டியில் ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டால் பாக்டீரியாவுக்குத் தீனி ஆகிவிடும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன்.

5. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வேண்டாம். நம் கடற்கரைப் பக்கத்து நிலத்தடி நீரின் உவர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல்நீர் உப்புக் கலவையைக் கலந்து, அடர்த்தி 1.025 வரும்படி வையுங்கள். சமையல் உப்பு உதவாது.

கடல்நீரே எடுப்பதென்றால் காலம் பார்க்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கலங்கிக் கிடக்கும். வாடை மழையில் ஓடைத் தண்ணீர் சேர்ந்து கரையோர நீரின் உப்பு குறையும். இரண்டும் இல்லாத மாசி, பங்குனியில், கரையைவிட்டுத் தள்ளி, தீவுகளின் பக்கம் போகாமல், படகிலிருந்து எடுப்பது நல்லது. மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் தெளியவைத்து, வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

6. சித்திரை, வைகாசி வெயிலை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் கோடைச் சூட்டில் கடலிலேயே பவளங்கள் வெளுத்துப்போயின. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. 25 முதல் 27 டிகிரி நல்லது, 30ஐத் தாண்டவிடாதீர்கள். சில்லர் வாங்க வசதி இல்லையென்றால், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது தண்ணீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

7. முதல்முறை வளர்ப்பவர்களுக்குக் கோமாளி மீன் ஏற்றது. குழந்தைகளுக்கு நீமோ என்றால்தான் தெரியும். எல்லாக் கோமாளி மீன்களும் ஒன்றல்ல. ஆசெல்லாரிஸ், பெர்குலா வகைகள் சிறியவை, சாதுவானவை. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் செபே வகை இவற்றைவிடப் பெரிதாக வளரும், முரட்டுக் குணமும் கூடுதல். ஒரு தொட்டியில் ஒரு வகை மட்டும், அதுவும் இரண்டே இரண்டு.

அந்த இரண்டையும் சின்னதாக, ஒன்று சற்றுப் பெரிது ஒன்று சற்றுச் சிறிது என்று பார்த்து வாங்குங்கள். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண். சேர்ந்து வாழும்போது பெரியது பெண்ணாக மாறும். சில நாளில் ஒரு காட்சி பார்க்கலாம்: பெரியது கிட்டே வந்ததும் சிறியது ஒருபக்கமாகச் சாய்ந்து உடம்பு முழுக்க நடுங்கும். வலிப்பு வந்துவிட்டதோ என்று பயப்படவேண்டாம். நீதான் பெரியவள் என்று அது ஒத்துக்கொள்கிறது, ஜோடி சேர்ந்தாயிற்று. ஒரே அளவில் பெரிய மீன்கள் இரண்டை வாங்கினால் இரண்டுமே விட்டுக்கொடுக்காது, துடுப்பு கிழியும்.

8. கோமாளி மீன் வாங்கினால் கடல் சாமந்தியும் வாங்கவேண்டும் என்று கடையில் சொல்வார்கள். தேவையில்லை. கடல் சாமந்திக்குப் பலமான விளக்கும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். புதுத் தொட்டியில் அது செத்தால் தண்ணீரையும் சேர்த்துக் கெடுக்கும். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் கடல் சாமந்தியைப் பார்த்தே இருக்காது. அது இல்லாமலே நன்றாக வாழும்.

9. முடிந்தவரை பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்தது நம் மண்டபத்தில்தான். அது பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபம் நிலையம் இன்றும் நடக்கிறது. கோமாளி மீன்களையும் டாம்சல் வகைகள் சிலவற்றையும் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை அந்த நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் வளர்ப்பில் பெயர் பெற்றது. பண்ணை மீன் குருணைத் தீனிக்குப் பழகியிருக்கும், தொட்டி வாழ்க்கையும் அதற்குப் புதிதல்ல. பாறையிலிருந்து பிடித்த மீனைவிட அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பாறையிலும் ஒரு மீன் மிஞ்சும்.

10. டாம்சல் மலிவாகக் கிடைக்கும், எதையும் தாங்கும். அதனாலேயே ‘முதலில் இதை விட்டுப் பாருங்கள்’ என்று கொடுப்பார்கள். வாங்காதீர்கள். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி வைத்த டாமினோ குஞ்சாக இருக்கையில் அழகு. வளர வளரத் தொட்டி முழுவதையும் தன் எல்லை என்று வைத்துக்கொண்டு, பிறகு வரும் ஒவ்வொரு மீனையும் விரட்டி விரட்டிக் கொத்தும். பாறையைக் கலைக்காமல் அதைப் பிடித்து வெளியே எடுக்கவும் முடியாது. டாம்சல்தான் பிடிக்கும் என்றால் கடைசி மீனாக, ஒன்றே ஒன்று விடுங்கள்.

11. கோமாளி ஜோடியோடு, மொத்தம் ஆறு மீனைத் தாண்டாமல், கவலையில்லாமல் சேர்க்கக்கூடியவை: ஃபயர்ஃபிஷ் ஒன்று, பாறைப் பாசியை மேயும் பிளென்னி ஒன்று, பைஜாமா கார்டினல் இரண்டு, கோபி ஒன்று. கோபி நம் உளுவைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். வாட்ச்மேன் கோபி கிடைத்தால், அதோடு பிஸ்டல் இறால் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இறாலுக்குக் கண்பார்வை மந்தம். அது மணலை வாரி வாரி வெளியே தள்ளிக் குழி தோண்டும். கோபி குழிவாயிலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசை ஒன்றைக் கோபியின் உடம்பில் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலைப் படபடவென்று ஆட்டும், இறால் உள்ளே போய்விடும். ஒரு தொட்டியில் பார்க்கக் கிடைக்கும் மிக நல்ல காட்சி இதுதான் என்பேன்.

12. வாயில் நுழைவது எல்லாம் இரைதான். களவாக் குஞ்சு, அஞ்சாலை, லயன்ஃபிஷ் மூன்றையும் சின்ன மீன்களோடு வைக்கவே கூடாது. லயன்ஃபிஷின் முள்ளில் விஷமும் உண்டு. தொட்டியில் கைவைத்துக் குத்துப்பட்டால், பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் கையை வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த மீனே வேண்டாம்.

13. கிளாத்தியும் பேத்தையும் இறால், நண்டு, நத்தை எதையும் விட்டுவைக்காது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகைகள் பவளத்தின் உயிர்ப்பகுதியைத் தின்றே வாழ்பவை. நம் தொட்டியில் பவளம் இல்லை. எத்தனை தீனி போட்டாலும் சீந்தாமல் பட்டினி கிடந்து சாகும். கண்ணைப் பறிக்கும் மாண்டரின் மீனும் அப்படியே. பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும் அதற்குப் புதுத் தொட்டியில் ஒன்றும் கிடைக்காது.

14. கடமாடு. மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளி வைத்து, சதுரப் பெட்டி போல நீந்தும் அதன் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். பயந்தாலோ செத்தாலோ அதன் தோலிலிருந்து நஞ்சு கசிந்து, தொட்டியில் உள்ள அத்தனை மீனும் ஒரே நாளில் மிதக்கக்கூடும். கூட்டுத் தொட்டிக்கு ஒருபோதும் வேண்டாம்.

15. கடையில் இருக்கும் அளவைப் பார்க்காதீர்கள், வளர்ந்தபின் வரும் அளவைக் கேளுங்கள். நீல உடம்பில் வெள்ளை வளையம் போட்ட எம்பரர் ஏஞ்சல் குஞ்சு இரண்டு விரல் அகலம்தான். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். டோரி என்று பிள்ளைகள் கேட்கும் நீல டேங்கும் ஒரு அடி வளரும், நாள் முழுக்க நீந்தும். இரண்டுக்கும் 3 அடித் தொட்டி சிறைதான்.

16. கோமாளி ஜோடி, கார்டினல் தவிர, ஒரே நிறம், ஒரே உருவம், ஒரே இரை உள்ள இரண்டு மீன்களைச் சேர்க்காதீர்கள். தன் இனத்தான் போட்டிக்கு வந்துவிட்டான் என்றே ஒன்றை ஒன்று நினைக்கும்.

17. சாதுவான மீன் முதலில், முரடு கடைசியில். முதலில் கோபி, ஃபயர்ஃபிஷ். பிறகு கார்டினல், பிளென்னி. கடைசியாகக் கோமாளி ஜோடி. கோமாளி மட்டும் போதும் என்றால் அதையே முதலில் விடலாம். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இரண்டு மூன்று வார இடைவெளி வேண்டும். அப்போதுதான் பாக்டீரியா புதுச் சுமைக்கு ஈடு கொடுக்கும். புது மீனை விடும் அன்று பாறைகள் ஒன்றிரண்டை இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய மீன்களுக்கு எல்லை குழம்பிப்போவதால் விரட்டுவது குறையும்.

18. கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, மீன் தின்பதைப் பார்த்து வாங்குங்கள். தீனி எடுக்காத மீன், ஒட்டிய வயிறு, வேகமாக மூச்சு வாங்கும் செவுள், உடம்பை மணலில் உரசுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம். வெளிநாட்டில் சில இடங்களில் சயனைடு அடித்துப் பிடித்த மீன்களும் சந்தைக்கு வருவதுண்டு. பார்க்க நன்றாக இருந்து, சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும்.

19. சென்னை கொளத்தூரில் வாங்கி ராத்திரி முழுக்கப் பையில் கொண்டுவந்த மீனுக்கு, பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலக்கவேண்டாம். பை திறந்ததும் உள்ளே சேர்ந்திருக்கும் கரியமில வாயு வெளியேறும்; அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா கடும் விஷமாகும். மூடிய பையைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பையின் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, அதே அளவில் தனித்தொட்டியைத் தயாராக வைத்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

20. நோய் இருக்கிறதா என்று பார்க்க, புது மீன் அந்தத் தனித்தொட்டியில் நான்கு வாரம் இருக்கட்டும். இதை ஒருபோதும் விடாதீர்கள். வெள்ளைப் புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை இரண்டரை மாதம் வரை மீன் இல்லாமல் போடவேண்டிவரும். செம்பு மருந்தைத் தனித்தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

21. கடற்கரையில் பிள்ளைகள் எடுத்துவரும் சிவப்பு முள் நட்சத்திர மீனைத் தொட்டியில் போடாதீர்கள். ஊர்ந்துபோய்க் கிடைப்பதையெல்லாம் தின்னும், பிறகு பட்டினியில் செத்து அழுகும். அலை தொடும் இடத்திலேயே திருப்பி விடச் சொல்லுங்கள்.

22. தொட்டிக்கு வலை மூடி போடுங்கள். ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

23. வளர்க்க முடியவில்லை, ஊர் மாறுகிறோம் என்றால் மீனைக் கடலில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதைப் புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு. தொட்டிக்காரர்கள் விட்டதாகக் கருதப்படும் லயன்ஃபிஷ்கள் பெருகி அமெரிக்காவின் ஃபுளோரிடா, கரீபியன் கடல்களில் உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றன. அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இலேயே எழுதியிருக்கிறார்கள். மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். தொட்டித் தண்ணீரையும் கடலிலோ ஓடையிலோ கொட்டாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து ஒருநாள் வைத்திருந்து வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள்.