காற்றில் ஓடும் சங்கிலி ரம்பம்

புயலில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்தால், தீயணைப்புத் துறையினர் ஒரு செயின் சா கொண்டு வந்து அறுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். கயிற்றை இழுத்தால் பெட்ரோல் என்ஜின் உறுமும், சங்கிலி சுற்றும். அதே சங்கிலி, அதே கைப்பிடி, ஆனால் என்ஜினும் கிடையாது, கரண்டும் கிடையாது, பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ் மட்டும் என்றால்? அப்படியும் ஒரு ரம்பம் உண்டு நண்பர்களே. கம்ப்ரஸர் காற்றில் ஓடும் ரம்பம் அது. அமெரிக்காவில் வூஸ்டர் நகரிலிருந்த ரீட்-பிரெண்டிஸ் கம்பெனி 1940களில் பெட்ரோல், மின்சாரம், காற்று ஆகிய மூன்று வகையிலும் ரம்பம் செய்தது. அவற்றில் காற்று வகையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒரு சிலிண்டருக்குள் மையம் சற்றுத் தள்ளி ஒரு ரோட்டார் இருக்கும். ரோட்டாரில் வெட்டிய பள்ளங்களில் மெல்லிய தகடுகள் வழுக்கிக்கொண்டு நிற்கும். சுமார் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நுழையும் காற்று தகட்டைத் தள்ளும். இடம் அகல அகலக் காற்று விரியும், ரோட்டார் சுற்றும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாகச் சங்கிலிக்குப் போகிறது. அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக் இல்லை, காயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை. மரத்தில் சிக்கி நின்றுவிட்டாலும் மோட்டார் எரிந்து போகாது, சும்மா நிற்கும். இழுத்து எடுத்தால் மறுபடியும் ஓடும்.

இனி கணக்குக்கு வருவோம். தெர்மல் லேபில் கம்ப்ரஸர் டெஸ்ட் செய்தவர்களுக்கு இது சுலபம். நிமிடத்துக்கு 4 கன அடி காற்றை 100 பி.எஸ்.ஐ. வரை அழுத்தத் தோராயமாக 1 எச்.பி. வேண்டும். ஆனால் ஏர் மோட்டார் 1 எச்.பி. கொடுப்பதற்கு நிமிடத்துக்கு 25 முதல் 30 கன அடி வரை காற்றைக் குடிக்கும். ஆகவே 4 எச்.பி. ரம்பத்துக்கு 100 முதல் 120 கன அடி காற்று தேவை. அதற்குக் கம்ப்ரஸருக்கு 25 முதல் 30 எச்.பி. வேண்டும். போட்டதில் ஏழில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது! மீதி எல்லாம் சூடாகவும் கசிவாகவும் போய்விடுகிறது. எஃபிஷியன்ஸியை மட்டும் பார்த்து மார்க் போட்டால் இந்த மெஷின் ஃபெயில்.

அப்படியானால் ஏன் செய்தார்கள்? நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்தில் ஐரோப்பா, அமெரிக்கச் சுரங்கங்களில் கூரை விழாமல் இருக்க மரத்தூண்கள்தான் முட்டு. தூணை உள்ளேயே அளந்து அறுக்க வேண்டும். சுரங்கத்தில் மீத்தேன் வாயு கசியும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு சின்னப் பொறி போதும், வெடித்துவிடும். பெட்ரோல் என்ஜினில் பொறி இல்லாமல் வேலையே நடக்காது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு வேறு. சாதாரண மின்மோட்டாரின் கார்பன் பிரஷிலும் பொறி பறக்கும். காற்று ரம்பமோ குளிர்ந்த காற்றைத்தான் வெளியே விடும். கம்ப்ரஸர் மேலே நிற்கும். பாறை துளைக்கும் கருவிக்காகப் போட்ட பைப் லைனிலேயே இதையும் மாட்டிக்கொள்ளலாம். பொறியே வராது என்று அடித்துச் சொல்லவும் முடியாது; சங்கிலி ஆணியிலோ கல்லிலோ பட்டால் வரும். ஆபத்து முழுதும் போகவில்லை, ஒரு பெரிய காரணம் போயிற்று. உள்ளே நிற்கிற மனிதனுக்கு ஏழில் ஆறு பங்கு வீணானது பெரிதா, உயிர் பெரிதா?

இரண்டாவது இடம் தண்ணீர். படகுத்துறையின் பழைய மரத்தூண்களை நீருக்கடியில் அறுக்க டைவர்கள் காற்று ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். கரண்டைத் தண்ணீருக்குள் கொண்டுபோக யாருக்குத்தான் தைரியம் வரும்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு 1 பார் வீதம் நீரின் அழுத்தம் கூடும். 90 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 6.2 பார். 20 மீட்டர் ஆழத்தில் வெளியேறும் காற்றை நீர் 2 பார் எதிர்த்துத் தள்ளுவதால், வேலைக்கு மிஞ்சுவது 4.2 பார்தான். காற்றுக்குமிழி கண்ணையும் மறைக்கும். இதனால்தான் பிறகு அந்த வேலைக்கு ஹைட்ராலிக் ரம்பங்கள் வந்தன.

மூன்றாவது ராணுவம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் லாரியில் ஏற்றிய, நிமிடத்துக்கு 105 கன அடி காற்று தரும் கம்ப்ரஸரை வைத்திருந்தார்கள். ஒரே கம்ப்ரஸரில் பாறை துளைக்கலாம், ரோட்டை உடைக்கலாம், பாலத்துக்கு மரமும் அறுக்கலாம். நாம் மேலே போட்ட கணக்குக்கும் இந்த 105க்கும் உள்ள பொருத்தத்தைக் கவனியுங்கள். இன்னொரு வசதியும் இருந்தது. அக்காலப் பெட்ரோல் ரம்பத்தைச் சாய்த்தால் கார்புரேட்டர் தகராறு செய்யும். 1940களின் இறுதியில் டயாஃப்ரம் கார்புரேட்டர் வந்த பிறகுதான் அது தீர்ந்தது. காற்று ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓடும். ஆனால் ஹோஸ் நீளம் வரைதான் போக முடியும். காட்டில் மரம் வெட்டுகிறவர்களிடம் அது எடுபடாததற்கு இது போதாதா?

பழைய காற்று ரம்பம் ஒன்று இன்று கையில் கிடைத்தால் என்ன செய்யலாம்? பெரிய கம்ப்ரஸர் ஏற்கனவே இருக்கிற கப்பல் பழுதுபார்க்கும் இடம், பால வேலை, மரப்பட்டறை ஆகியவற்றில் கனமான உத்தரங்களை அறுக்கலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் மாட்டினால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்துவிடும். சுரங்கத்துக்குள் மட்டும் இறக்கக் கூடாது. அங்கே சான்று பெற்ற புது மெஷின்தான். வெடிவாயு உள்ள இடங்களுக்கென்றே இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சங்கிலியையும் பார்க்க வேண்டும். ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் புழுவின் தாடையைப் பார்த்து 1947ல் புதுவகைப் பல்லைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய சங்கிலிகள் மரத்தைச் சுரண்டும் வகை. தீட்டுவது பெரும்பாடு, மாற்றுச் சங்கிலி கிடைப்பது அதைவிடப் பெரும்பாடு.

பராமரிப்பில் முக்கால் பங்கு தண்ணீரை விரட்டுவதுதான். எங்கள் அப்பா கிணறு வெட்டும் கம்ப்ரஸர் வண்டியில் வேலை பார்த்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். தினமும் காலையில் டேங்கின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பார். ஜாக்ஹாமரில் மாட்டுமுன் ஹோஸை வெறுமனே ஒருமுறை ஊதவிடுவார். ஏன்பா என்று கேட்டால், "தண்ணி உள்ளே போனா மிஷினு செத்துரும்டா" என்பார். அழுத்திய காற்று ஆறும்போது ஈரம் நீராகும், அது எண்ணெயைக் கழுவிவிடும், மோட்டாரில் காற்று விரிந்து குளிரும்போது வெளிவாயில் பனிகூடக் கட்டும் என்று புத்தகம் நான்கு பக்கம் சொல்கிறது. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான். அந்த நான்கு பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார். ரம்பத்துக்கும் அதே முறைதான்: தண்ணீரை வடி, லைனில் எண்ணெய் விடு, கடல்நீரில் முக்கியிருந்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி மறுபடி எண்ணெய் விடு.

கடைசியாக, பழைய ரம்பத்தில் செயின் பிரேக் இருக்காது. அது பரவலானதே 1970களில்தான். பிளேட்டின் நுனி பட்டால் ரம்பம் முகத்துக்கு எகிறும், தடுக்க ஒன்றுமில்லை. ஸ்டார்ட் கயிறும் கிடையாது. விசை அழுந்திய நிலையில் யாராவது வால்வைத் திறந்தால் அந்த நொடியே சங்கிலி ஓடும். வால்வை மூடிய பிறகும் ஹோஸுக்குள் காற்று நிற்கும். அதனால் வால்வை மூடி, விசையை அழுத்தி, சங்கிலி தானாக நின்று காற்றுச் சத்தம் அடங்கிய பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும்.