கண்ணாடி முன் நிற்கும் தம்பி

கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரம் கண்டோம். ‘மாமல்லன்’ என்றால் பெரும் மற்போர் வீரன். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் அது. ஆயினும் அவ்வூர்ச் சிற்பங்களில் புடைத்த தசையைத் தேடிப் பாருங்கள்! தேவர்கள் பெரும்பாலும் அகன்ற தோளும் சிறுத்த இடையுமாய் மெலிந்தே நிற்கின்றனர். அருச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசிக்கோ விலா எலும்பு தெரிகிறது. ஆணழகுக்கு எக்காலத்தும் ஒரே அளவுகோல் இருந்ததில்லை.

இன்றைய அளவுகோல் கைப்பேசியில் இருக்கிறது. 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யாவின் கட்டுடலைக் கண்டவர்கள் மூன்று மணி நேரத்தில் வீடு திரும்பினர். இன்ஸ்டாகிராம் அப்படி விடுவதில்லை. ஒரு படத்தில் கண் சற்று நின்றால் அதே போன்றவற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவையும் உள்ளபடியான உடல்கள் அல்ல. தண்ணீரைக் குறைத்து, எடை தூக்கித் தசையைப் புடைக்கச் செய்து, பக்க வெளிச்சத்தில் மூச்சடக்கி எடுத்த ஒரு நொடி! தபசுப் பாறையில் தவசியைப் போலவே கை உயர்த்தி நிற்கும் பூனையைப் பார்த்துச் சிரித்தோமே, அதன் நினைவுதான் வருகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் உடன் ஆய்ந்தோரும் சிறுவரின் போர்வீரன் பொம்மைகளை அளந்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். 1960-களில் சாதாரண மனிதனாயிருந்த பொம்மை, 1990-களில் எந்த மனிதனுக்கும் வாய்க்காத அளவு பருத்திருந்தது. பெண் பொம்மையின் இடையைப் பற்றி எத்தனை பேச்சு! தம்பியின் பொம்மையை நாம் கவனிக்கவேயில்லை.

நல்ல உடல் இருந்தும் ‘நான் நோஞ்சான்’ என்றே நம்பி வாடுவது ஒரு மனநோய். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இடம்பெற்றது. இதில் சிக்கியவன் சட்டையைக் கழற்றக் கூசுவான். கல்யாணச் சாப்பாட்டை மறுப்பான். ஒருநாள் பயிற்சி தவறினால் எரிந்து விழுவான். சிலர் ஸ்டீராய்டு ஊசிக்கும் போகின்றனர். அது இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்; வளரும் பையனுக்கு எலும்பு முனைகள் முன்னதாகவே மூடி உயரமும் நின்றுவிடும்.

உடற்பயிற்சி தீதன்று. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை படகு தள்ளி வலை இழுக்கும் அண்ணன்மாரின் தோள்களைப் பாருங்கள். அவை உழைப்பு தந்தவை. படத்துக்காக வளர்த்தவை அல்ல.

ஆனால் வீட்டில் முதலில் ‘ஈர்க்குச்சி’ என்று பெயர் வைப்பது யார்? என் தம்பிக்கு வைத்தவள் நானே. அப்படி அழைப்பதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. கடலில் குளிக்கும்போது அவன் இன்னும் சட்டையைக் கழற்றுவதில்லை.