குடைவு உளி பிடிக்கும் முன்: கடைசல் பட்டறைக்கு ஒரு பாதுகாப்புப் பாடம்

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் வைத்து விளையாடியிருப்பீர்கள். அந்தச் சின்னப் பானையின் வெளிப்பக்கத்தைக் கடைவது ஒரு வேலை. உள்ளே குடைவது முற்றிலும் வேறு வேலை. வெளியே கடையும்போது உளிமுனை கண்ணெதிரே இருக்கும். உள்ளே போய்விட்டால் முனை தெரியாது. கையில் வரும் அதிர்வும் காதில் விழும் சத்தமும்தான் கணக்கு. மோட்டார் லேத்தில் புதிதாகக் கைவைப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது.

முதலில் நெம்புகோல் கணக்கைப் பாருங்கள். உளியைத் தாங்கும் கட்டைக்குப் பின்னால் 40 செ.மீ. தள்ளி உங்கள் கை இருக்கிறது, முன்னால் 10 செ.மீ. முனை நீட்டியிருக்கிறது என்றால், மரம் தள்ளும் விசையில் கால் பங்குதான் கைக்கு வரும். முனை 20 செ.மீ. உள்ளே போனால் அது பாதியாகிவிடும். அதாவது, கை தாங்க வேண்டிய விசை இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் உளி மரத்தைக் கடித்துவிட்டால் பிடி கையை விட்டுப் பறக்கும். அதனால்தான் ஆழமாகக் குடைய நீளமான, கனமான பிடி வேண்டும். தாங்கியைப் பாத்திரத்தின் வாய்க்கு நெருக்கமாக வையுங்கள். அதை நகர்த்துவதானால் லேத்தை நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். பிறகு கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

சுரண்டும் வகை உளி என்றால், முனை நடுக்கோட்டில் அல்லது ஒரு துளி மேலே இருக்கட்டும். அப்போது உளி கடித்தாலும், கீழே தள்ளப்படும் முனை அகலமான வெற்றிடத்துக்குப் போகும். நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தால் சுவருக்குள்ளேயே இன்னும் பாயும்.

வாய் குறுகிய பாத்திரத்தில் சீவல் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை லேத்தை முழுதாக நிறுத்தி, குச்சியால் கிளறி எடுங்கள். சுற்றும்போது விரலை விடவே கூடாது. ‘ஒரு நொடிதானே’ என்று தோன்றும், அந்த ஒரு நொடி போதும். சுவரின் கனத்தை அளப்பதும் லேத்தை நிறுத்திய பிறகுதான்.

வேகம் எவ்வளவு? 10 அங்குல விட்டமுள்ள மரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விரிசல் இருந்து உடைந்தால், துண்டு அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும். ஆகவே பெரிய மரத்துக்குக் குறைந்த வேகம். சுவிட்சைப் போடும்போது சுழலும் வட்டத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். வெறும் கண்ணாடி போதாது, முழு முகக்கவசம் வேண்டும். தூசுக்கு மாஸ்க் தனி.

ஒரு பட்டறைக்குள் நான் துப்பட்டாவோடு நுழைந்தபோது, “ஏம்மா, அங்கனயே நில்லு. அதச் சுத்திக் கட்டிட்டு வா” என்றார் பெரியவர். கையுறையாவது போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தார். கையுறை பாதுகாப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுற்றும் மரம் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கைக்கயிறு, வளையல், தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கண்ணில் சிராய் குத்தி நின்றால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் மறைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று: 18 முதல் 60 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள், தொழிலாளர் துறையின் கீழுள்ள நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவி, பதிவு பெற்ற உறுப்பினர்களுக்குத்தான். உங்கள் பட்டறையில் வேலை கற்கும் தம்பிக்கு 18 முடிந்திருந்தால், அவர் பதிவையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.