23ஆல் வகுப்பதா, 32ஆல் வகுப்பதா?

ஏழாம் வகுப்பில் கூட்டுச்சராசரி நடத்தும்போது சூத்திரத்தைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். கூட்ட வேண்டும், எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எந்த எண்ணிக்கையால் வகுப்பது என்பதில்தான் தடுமாற்றம். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, நெதர்லாந்து அணியின் ஆல்ரவுண்டராக விளங்கிய ரியான் டென் டஸ்காட்டே.

1980இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், 2006 முதல் 2011 வரை நெதர்லாந்துக்காக 33 ஒருநாள் போட்டிகளில் ஆடினார். 32 முறை பேட்டிங் செய்து 1541 ரன்கள் எடுத்தார். பிள்ளைகள் வகுத்துப் பார்த்து "48 சார்" என்பார்கள். ஆனால், பதிவேட்டில் அவருடைய சராசரி 67. "எப்படி?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரட்டும்.

32இல் 9 முறை அவர் ஆட்டமிழக்கவில்லை. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்த எண்ணிக்கையால்தான் வகுப்பார்கள். 1541 ÷ 23 = 67. மீதியின்றி வகுபடுவதால் கரும்பலகையிலேயே செய்துகாட்டலாம்.

அடுத்து, சராசரி எதைச் சொல்லாது என்று கேட்கிறேன். 2011 உலகக் கோப்பையில் நாக்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக 119, கொல்கத்தாவில் அயர்லாந்துக்கு எதிராக 106 ரன்கள் எடுத்தார். இரண்டிலும் நெதர்லாந்து தோற்றது. 67 என்ற எண்ணில் அந்தத் தோல்விகள் தெரியவில்லை.

2021இல் ஓய்வு பெற்றபின் பயிற்சியாளரானார். கொல்கத்தா நைட் ரைடர்ஸின் ஃபீல்டிங் பயிற்சியாளராக இருந்து, 2024இல் இந்திய அணியின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். "கோச்சுக்குச் சராசரி உண்டா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்ச் பிடித்தால் ஸ்கோர் அட்டையில் பிடித்தவர் பெயர்தான் வரும். பழக்கியவர் பெயர் வராது. அவளே சொன்னாள்: "அப்போ டீச்சர் மாதிரி."

இங்கிருந்து நம் வகுப்பறைக்கு வரலாம். 30 பேர் உள்ள வகுப்பில் 24 பேர் தேர்வு எழுதி, மொத்தம் 1440 மதிப்பெண் பெற்றதாகக் கொள்வோம். 24ஆல் வகுத்தால் 60. 30ஆல் வகுத்தால் 48. முதல் விடையில் ஆறு பேர் காணாமல் போகிறார்கள். இரண்டாவதில், எழுதாத ஆறு பேரும் பூஜ்ஜியம் வாங்கியவர்களாகிறார்கள். எது சரி என்று குழுக்களாக விவாதிக்கச் செய்யுங்கள்.

என் வகுப்பு எட்டிய முடிவு இது: "எழுதிய 24 பேரின் சராசரி 60, 6 பேர் எழுதவில்லை" என்று முழுமையாக எழுத வேண்டும்.

அறிக்கை அனுப்பும்போது நாமும் அப்படியே எழுதலாம். அந்த ஆறு பேரில் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போன குழந்தை இருக்கலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற குழந்தை இருக்கலாம். 60 என்று மட்டும் எழுதினால் அவர்களைத் தேடிப்போக யாருக்கும் தோன்றாது. தேடிப்போய் அழைத்துவரும் வேலைக்கு எந்த அட்டையிலும் நம் பெயர் வராது. ஆனாலும் அது நம் வேலைதான்.