பாடம் 9: புதுக் கினிப்பன்றி வந்தாச்சு!

கினிப்பன்றிக்குத் தனிமை பிடிக்காது. அதனால் சுவிட்சர்லாந்தில் அதைத் தனியாக வளர்க்கச் சட்டம் விடாது.

உங்கள் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் இருக்கின்றன. மூன்றாவதும் பெண்தான். வந்ததும் கூண்டில் விடலாமா? வேண்டாம்!

முதல் 14 நாள் வேறு அறையில் வையுங்கள். நோய் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு மூன்றுக்குமே புதிதான ஓர் இடத்தில் விடுங்கள். நிறையக் காய்ந்த புல் போடுங்கள். ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் உள்ள பெட்டிகள் வையுங்கள். ஒரு வாசலை ஒன்று மறித்தாலும், மற்றது அடுத்த வாசலால் ஓடலாம்.

மோப்பம் பிடிக்கும், துரத்தும், "டுர்ர்ர்" என்று உறுமும். பயப்படாதீங்க! யார் தலைவி என்று முடிவு செய்கின்றன. பல்லை நறநறவென்று கடித்தால் கவனம்! கடித்து இரத்தம் வந்தால், துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள். வெறும் கையை நீட்டாதீங்க.

பேசுவோம்: உங்கள் வகுப்புக்குப் புதுப் பிள்ளை வந்தால், முதல் நாள் என்ன செய்வீங்க?