சிக்னலில் மட்டும் சூடாகும் வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓடும்போது ஒழுங்காக இருக்கும் வண்டி சிக்னலில் நின்றால் ஹீட் ஆகிறது, புது ஃபேன் மோட்டார் போட்டும் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது, ஃபேன் சில நேரம் சுற்றுகிறது, சில நேரம் சுற்றவில்லை, ஓனர் கோபமாகப் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். கூட வேலை செய்பவர்கள் ‘ஒயரை டைரக்ட் பண்ணி விட்டுடு’ என்கிறார்களாம். டைரக்ட் பண்ணாதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். ஃபேனுக்குப் பெரிதாக வேலையில்லை. வண்டி நின்றால்தான் அது வேண்டும். மலை ஏறும்போதும் வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஏறும் வண்டியை நினைத்துப் பார். இன்ஜின் முழு பலத்தோடு இழுக்கும், முன்னால் காற்று இருக்காது. ஆகவே நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் ஃபேன் பக்கம். பைபாஸில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு வழியில் போ. ஓனரிடம் இதைக் கேட்காமல் பானெட்டைத் திறக்காதே. சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிர்ச்சி குறைகிறதா என்றும் கேள். கண்டென்சருக்கும் காற்று வேண்டும். அது குறைந்தால் முதலில் சொல்வது ஏசிதான்.

கை வைக்கும் முன் இரண்டு விஷயம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திருகாதே. உள்ளே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி விலகிய நொடியில் அழுத்தம் போய், அது கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். இன்னொன்று, சாவியை எடுத்துவிட்ட பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். கப்ளரைக் கழற்றாமல் பிளேடு பக்கம் விரலைக் கொண்டுபோகாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபேன் சுற்றவில்லை என்பதும் ஃபேன் கெட்டுவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஃபேன் தானாக முடிவெடுப்பதில்லை. கூலண்ட் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொட்டது என்று சென்சார் சொல்ல வேண்டும். அதை வைத்து வண்டியின் கம்ப்யூட்டரான இசியூ ரிலேயைத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மோட்டாருக்குக் கரண்ட். கூலண்ட் குறைந்து சென்சாரின் முனை காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் அது சூட்டைக் குறைத்துத்தான் சொல்லும். பழைய வண்டிகள் பலவற்றில் தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டரிலேயே இருக்கும். அங்கே தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கு வராது. சுவிட்ச் தட்டாது, ஃபேன் சுற்றாது. இன்ஜின் கொதிக்கும்போது கீழ் ஹோஸ் சூடேறாமல் கிடந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதே, அது உத்தரவுக்குக் காத்திருக்கிறது.

கூலண்ட் சரியாக இருந்தால் ஏசியைப் போடு. பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டாரை விட்டுவிட்டு சென்சார் பக்கம் பார். ஆனால் சில வண்டிகளில் கண்டென்சருக்குத் தனி ஃபேன் உண்டு. எது சுற்றுகிறது என்று குனிந்து பார்த்துச் சொல். எதற்கும் சுற்றவில்லையா, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் மோட்டாருக்கு நேரே கரண்ட் கொடு. சுற்றினால் கோளாறு கரண்ட் வரும் வழியில். சுற்றாமல், மெல்லத் தட்டினால் மட்டும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

உன் வண்டியில் மோட்டார் புதுசு. அதனால் நான் வழியைத்தான் சந்தேகப்படுகிறேன். நீ அளந்த விதத்தையும் சொல்லியிருந்தாய்: கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தேன், 12 வோல்ட் இருந்தது. மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். பச்சை பிடித்த பின்னிலும், ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரிலும் அது 12 காட்டும். மோட்டார் 10, 15 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த ஒயரின் லட்சணம் தெரியும். கப்ளரைப் பழையபடி மாட்டு. ஃபேன் சுற்றும்போது கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைத்து அள. பேட்டரியில் 13.8, மோட்டாரில் 10 என்றால் நடுவில் எங்கோ 3.8 வோல்ட் வீணாகிறது, அந்த இடம் தொட்டால் சுடும். மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் பின்னிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வை. 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் பாடி எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிவிடு. எர்த் சுத்தம் என்றால் அதே மாதிரி பாசிட்டிவ் பக்கம் வா: ஃபியூஸின் இரு முனைகளுக்கு நடுவே, ரிலேயின் 30க்கும் 87க்கும் நடுவே. ரிலே ‘டிக்’ என்று தட்டுவதால் அதை விட்டுவிடாதே. காயில் வேலை செய்கிறது என்பதற்குத்தான் அந்தச் சத்தம் சாட்சி. உள்ளே பாயிண்ட் கருகியிருந்தாலும் அதே சத்தம்தான் கேட்கும்.

டைரக்ட் பண்ணினால் இதெல்லாம் தெரியாமலே வண்டி போய்விடும். சாவி போட்டதிலிருந்து ஃபேன் ஓடும். இன்ஜின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், மோட்டார் சீக்கிரம் தேயும். ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் இழுத்த ஒயர் உருகித் தீப்பிடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஃபேன் ஒருநாள் நின்றால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், ஓனருக்குப் பெரிய செலவு வரும். நம்மை நம்பித்தான் அவர் சாவியைக் கொடுக்கிறார், தம்பி.

இன்னொன்றையும் பார்த்துவிடு. மோட்டாரை மாற்றியபோது ஒயரை இடம் மாற்றிக் கோத்திருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். பார்த்தால் தெரியாது. வண்டியை நிறுத்தி வைத்து, ஃபேன் சுற்றும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடி. உள்ளே இழுத்து ஒட்டினால் சரி, வெளியே பறந்தால் தவறு. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பார். அது இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், ஓரத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

நாளை வண்டி வந்ததும் ஃபேன் சுற்றும்போது மோட்டாரில் எத்தனை வோல்ட், எர்த் பக்கம் எத்தனை, ரிலேயில் எத்தனை என்று அளந்து எழுது. அதுவரை இன்னொரு மோட்டார் வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்